மன்றத்திலிருந்து கப்பலுக்குப் போன டாக்டர்

(கோடம்பாக்கத்தில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



சட்டமன்றத்திலும் இருந்து, ராணுவத்திலும் இருந்த ஒரு மனிதரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர்கள் சொன்னார்கள். கோடம்பாக்கத்தில் நின்று இதைச் சொன்னால் உங்களுக்கு யார் முகம் நினைவுக்கு வரும்? கேப்டன் என்றால் விஜயகாந்த். 1991இல் வந்த ‘கேப்டன் பிரபாகரன்’ கொடுத்த பட்டம் அது. அந்தப் பட்டத்தோடுதான் விருத்தாசலத்தில் ஜெயித்தார், ரிஷிவந்தியத்தில் ஜெயித்தார், எதிர்க்கட்சித் தலைவராகவும் உட்கார்ந்தார். மேஜர் என்றால் சுந்தரராஜன். அவருக்கு அது பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’ கொடுத்தது. இருவர் மேலும் எனக்குக் குறையில்லை. நம் பேட்டை கொடுக்கும் பட்டத்தைப் பட்டாளம் கொடுப்பதைவிட ஜனங்கள் அதிகமாக நினைவு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் பேச வந்தவர் நிஜமாகவே ராணுவச் சட்டை போட்டவர். முதல் உலகப் போரில் லெப்டினன்ட். அப்போது அவர் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினரும்கூட. ஆனால் அவரை லெப்டினன்ட் என்று யாரும் கூப்பிட்டதில்லை. அவர் பெயரில் நமக்கு மிகப் பக்கத்தில் ஒரு தெரு இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்கிறோம்.

மேம்பாலத்தைத் தாண்டி வடக்கு உஸ்மான் சாலையில் இறங்குங்கள். அந்த உஸ்மான் யார்? நேரே போனால் பனகல் பூங்கா. அந்தப் பனகல் யார்? கொஞ்சம் தள்ளி நடேசன் பூங்கா. அந்த நடேசன் யார்? பாண்டிபஜாருக்குப் பெயர் தந்த சௌந்தரபாண்டியன் யார்? தணிகாசலம் சாலை, ஜி.என்.செட்டி சாலை, இவர்களெல்லாம் யார்? ஊருக்கே பெயராகிவிட்ட தியாகராயர் யார்? 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து இந்த நகரை எழுப்பியபோது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. வீதி வீதியாகத் தன் ஆட்களின் பெயரை எழுதி வைத்தது. தியாகராய நகரின் வரைபடம் ஒரு கட்சியின் வருகைப் பதிவேடு மாதிரி. அந்தப் பதிவேட்டில் டாக்டர் நாயர் சாலை என்றும் ஒரு வரி உண்டு.

மற்றவர்களெல்லாம் ஏதோ ஒரு விதத்தில் தங்கள் கட்சி நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நாயர் பார்க்கவில்லை. அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே லண்டனில் செத்துப்போனார். இன்று மாலை அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தாரவாட் மாதவன் நாயர். 1868 ஜனவரியில் மலபாரில் பிறந்தவர். அன்றைக்கு மலபார் நம் சென்னை மாகாணத்தில் ஒரு ஜில்லா. பாலக்காட்டில் பள்ளிக்கூடம், சென்னையில் மாநிலக் கல்லூரி, பிறகு மருத்துவக் கல்லூரி. அங்கிருந்து ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போய் மருத்துவப் பட்டமும், அதற்கு மேல் எம்.டி.யும் வாங்கினார். காது மூக்கு தொண்டைப் படிப்புக்காகப் பாரிஸுக்கும் போனார். லண்டனில் தாதாபாய் நௌரோஜியின் வட்டத்தில் பழகியவர், ஊர் திரும்பியதும் காங்கிரஸில் சேர்ந்தார். 1897இல் அமராவதியில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அங்கே இருந்தார். அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் பாலக்காட்டுப் பக்கத்து நாயர்தான், சேத்தூர் சங்கரன் நாயர். இரண்டு நாயரையும் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. அந்தக் குழப்பத்துக்குப் பிறகு வருகிறேன்.

சென்னையில் வைத்தியம் பார்த்தார், ‘ஆன்டிசெப்டிக்’ என்ற மருத்துவ இதழை 1904இல் தொடங்கினார், மாநகராட்சி மன்றத்துக்குத் திருவல்லிக்கேணியிலிருந்து போனார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். இதையெல்லாம் வேகமாகச் சொல்லிக் கடக்கிறேன். ஏனென்றால் நான் நின்று பேச விரும்பும் இடம் வேறு.

1907இல் இந்திய அரசு ஓர் ஆணையம் போட்டது. ஆலைத் தொழிலாளர்களின் வேலை நேரத்தை விசாரிக்கும் ஆணையம். மோரிசன் என்ற வெள்ளைக்கார அதிகாரி தலைவர். பம்பாய்ப் பஞ்சாலை முதலாளிகளில் பெரும்புள்ளியான தாக்கர்சே உறுப்பினர். நம் நாயரும் உறுப்பினர்.

அந்த விசாரணை எதற்கு வந்தது? மின்விளக்கால் வந்தது! அதுவரை ஆலையில் சூரியன் உதித்தால் வேலை, சூரியன் மறைந்தால் விடுதலை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்க முடியாது, இருட்டிவிடும். மின்விளக்கு வந்தது, சூரியனுக்கு வேலை போயிற்று. பதினாலு மணி நேரம், பதினைந்து மணி நேரம் என்று ஆலை ஓடத் தொடங்கியது. விளக்கு வந்தால் ஊருக்கு வெளிச்சம் என்கிறோம். தறிக்கு முன்னால் நின்றவனுக்கு அந்த வெளிச்சம் என்ன கொடுத்தது? இன்னும் மூன்று மணி நேர வேலை கொடுத்தது.

ஆணையம் ஊர் ஊராகப் போய் சாட்சியம் கேட்டு, 1908இல் அறிக்கை கொடுத்தது. பெரும்பான்மையினர் என்ன சொன்னார்கள்? வயது வந்த ஆண் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்று சட்டம் நேரடியாகச் சொல்லக் கூடாது, சிறுவர்களுக்கும் இளம் பருவத்தினருக்கும் வரம்பு வைத்தால் போதும், அதன் வழியாகப் பெரியவர்களின் நேரமும் தானே அடங்கும் என்றார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

நாயர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அரசு கொடுத்த பதவி, கூட இருப்பவர்கள் பெரிய மனிதர்கள், சென்னையில் காத்திருக்கும் நோயாளிகள். போயிருக்கலாமா, இல்லையா? போகவில்லை. தனியாக உட்கார்ந்து மாற்றுக் குறிப்பு எழுதினார். வளர்ந்த ஆணுக்கும் சட்டம் நேரடியாக வரம்பு வைக்க வேண்டும், அந்த வரம்பு 12 மணி நேரம் என்று எழுதினார். ஆணையத்தில் அவர் பக்கம் வேறு யாரும் இல்லை.

1911இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. நெசவாலைகளில் வளர்ந்த ஆணுக்கு 12 மணி நேரம், அதற்கு மேல் இல்லை. அதே பன்னிரண்டு! இதில் நாயருக்கு மட்டும் மாலை போட்டால் அது சரியான கணக்காகாது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆலைக்காரர்களும் இந்த வரம்பைக் கேட்டார்கள். இந்தியத் தொழிலாளி மேல் பாசம் பொங்கி வழிந்து கேட்டார்களா? பம்பாய்த் துணி மலிவாக வந்து தங்கள் துணியின் விற்பனையைக் கெடுக்கிறதே என்று கேட்டார்கள். ஆனாலும் இந்திய மண்ணிலிருந்து, அரசு ஆணையத்தின் உள்ளே உட்கார்ந்து, அதை எழுத்தில் பதிந்த கை நாயருடையது. எட்டு மணி நேர வேலை இன்றைக்கு நமக்குப் பிறப்புரிமை மாதிரி தெரிகிறது. அன்றைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கே ஒரு ஆள் தனியாக நிற்க வேண்டியிருந்தது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன்? நாயரின் வாழ்க்கை முழுக்க இதே கதைதான். நாற்காலியில் இருந்துகொண்டு அவர் சாதித்தது கொஞ்சம். தோற்ற இடத்திலிருந்தும், தனியாக நின்ற இடத்திலிருந்தும், வெளியேறிய இடத்திலிருந்தும் சாதித்ததே அதிகம்.

1912இல் சட்டமன்றத்துக்குப் போனார். அந்த மன்றத்தை இன்றைய சட்டமன்றம் போல நினைத்துவிடாதீர்கள். மிண்டோ-மார்லி சீர்திருத்தம் கொடுத்த மன்றம் அது. உங்களுக்கும் எனக்கும் ஓட்டுக் கிடையாது. நகராட்சிகளும் ஜில்லா போர்டுகளும் ஜமீன்தார்களும் பல்கலைக்கழகமும் ஆள் அனுப்பும். மந்திரி கிடையாது. கேள்வி கேட்கலாம், பட்ஜெட்டில் பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம். கவர்னர் விரும்பினால் கேட்பார். அங்கேதான் நாயர் 1916 வரை இருந்தார்.

இடையில் போர் வந்துவிட்டது. 1914 செப்டம்பர் 22, இரவு. நம் கடற்கரைக்கு முன்னால் ஒரு ஜெர்மன் கப்பல் வந்து நின்று குண்டு வீசியது. துறைமுகத்துக்குப் பக்கத்து எண்ணெய்த் தொட்டிகள் கொழுந்துவிட்டு எரிந்தன. சூட்டிகையான பிள்ளையை வீட்டில் எம்டன் என்று கூப்பிடுகிறோமே, அந்த எம்டன்தான். ஹைகோர்ட்டின் கிழக்கு மதிலில் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. பட்டணத்தில் பாதிப்பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடினார்கள் என்று தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

ஓடாமல் இருந்தவர்கள் பணம் திரட்டினார்கள். சென்னைப் போர் நிதி என்று பெயர். அந்தப் பணத்தில் ‘தாண்டா’ என்ற பயணிகள் கப்பலை மருத்துவக் கப்பலாக மாற்றி, அதற்கு ‘மெட்ராஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். மருத்துவக் கப்பல் எப்படி இருக்கும் தெரியுமா? உடல் முழுக்க வெள்ளை. இடுப்பைச் சுற்றிப் பச்சைப் பட்டை. பக்கவாட்டில் பெரிய செஞ்சிலுவை. எதிரிக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும், இது பீரங்கி ஏற்றிய கப்பல் இல்லை, காயம்பட்டவன் ஏறிய கப்பல் என்று. உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட அடையாளம் அது. கிழக்கு ஆப்பிரிக்கா, மெசபடோமியா என்று நம் சிப்பாய்களை எங்கெங்கோ அனுப்பினார்கள். கை போனவன், கால் போனவன், கொள்ளை நோயில் விழுந்தவன் எல்லோரையும் திருப்பிக் கொண்டுவர இப்படிப்பட்ட கப்பல்கள் வேண்டியிருந்தன.

அந்த ‘மெட்ராஸ்’ கப்பலில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார் நாயர். இந்திய மருத்துவப் பணியில் லெப்டினன்ட். யோசித்துப் பாருங்கள். போர் தொடங்கியபோது வயது நாற்பத்தாறு. எடின்பரோ எம்.டி. மாநகராட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், பத்திரிகை ஆசிரியர். அவருக்குக் கிடைத்த தகுதி லெப்டினன்ட். நேற்று பட்டம் வாங்கிய இருபத்து மூன்று வயதுப் பையனுக்கும் அதே தகுதிதான். சட்டமன்றத்தில் ‘மாண்புமிகு’, கப்பலில் கடைசிப் படி. போனார். இன்றைக்கு எத்தனை மாண்புமிகுக்கள் அந்தப் படியில் நிற்பார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்களே சிரித்துவிட்டீர்கள்.

இந்தச் சேவைக்காகக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தார்கள். இறந்த பிறகு போர்ப் பதக்கமும் வந்தது. ‘தாண்டா’ கப்பலின் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்து மறுபடி பயணிகள் கப்பலானது. 1944இல் அடுத்த போரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. அப்போது அதன் மேல் செஞ்சிலுவை இல்லை.

பதக்கம் கிடைத்தது. பதவி என்ன ஆயிற்று? 1916இல் டெல்லிப் பேரரசுச் சட்டமன்றத்துக்குத் தேர்தல். நாயர் நின்றார். வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியிடம் தோற்றார். மாநகராட்சியிலும் சண்டை, ராஜினாமா. ஒரே ஆண்டில் எல்லாக் கதவும் மூடிக்கொண்டது.

அந்த ஆண்டுதான் ஒரு கதவு திறந்தது. திறந்தவர் டாக்டர் நடேசனார். திருவல்லிக்கேணியில் பிராமணரல்லாத மாணவர்களுக்கு விடுதி நடத்தியவர். மாநகராட்சியில் நாயரும் தியாகராயரும் கீரியும் பாம்பும். இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார வைத்தது நடேசனார். 1916 நவம்பர் 20, வேப்பேரியில் வழக்கறிஞர் எத்திராஜுலு முதலியார் வீடு. அங்கே கூடினவர்கள் தென்னிந்திய மக்கள் சங்கம் என்று தொடங்கினார்கள். அடுத்த மாதம் தியாகராயர் பெயரில் பிராமணரல்லாதார் அறிக்கை வந்தது.

அந்த அறிக்கை திட்டவில்லை, கூச்சல் போடவில்லை. கணக்கு வைத்தது. 1892இலிருந்து 1904 வரை மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் தேறியவர்கள் 16 பேர், அதில் பிராமணர் 15. உதவிப் பொறியாளர் 21 பேர், அதில் பிராமணர் 17. ஜனத்தொகையில் பிராமணர் நூற்றுக்கு மூன்று பேர். பதினாறுக்குப் பதினைந்து! இதற்கு மேல் பேச்சு வேண்டுமா?

1917 பிப்ரவரி 26இல் ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகை வந்தது. ஆசிரியர் நாயர். பிரெஞ்சுத் தலைவர் கிளெமென்சோ மேல் அவருக்கு மதிப்பு. அவரும் மருத்துவர், அவரும் பத்திரிகைக்காரர், அவர் நடத்திய பத்திரிகையின் பெயரும் நீதிதான். நாயர் பெயரை அங்கிருந்துதான் எடுத்தார் என்பார்கள். அவர்கள் தொடங்கிய கட்சிக்கு வைத்த பெயர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். ஜனங்கள் பத்திரிகையின் பெயரையே கட்சிக்கு வைத்துவிட்டார்கள், ஜஸ்டிஸ் கட்சி. தமிழில் ‘திராவிடன்’, தெலுங்கில் ‘ஆந்திர பிரகாசிகா’ என்று மேலும் இரண்டு பத்திரிகைகள்.

நாயரின் பேனாவுக்கு எதிரே அடையாறு இருந்தது. அன்னி பெசன்ட் அம்மையார். பிரம்மஞான சபை, சுயாட்சி இயக்கம், ‘நியூ இந்தியா’ பத்திரிகை. இரண்டு பேருக்கும் பழைய பகை. 1913லேயே நாயரின் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரைக்காக அம்மையார் வழக்குப் போட்டுத் தோற்றார். சுயாட்சி வேண்டும் என்று அம்மையார் கேட்டார். யாருடைய சுயாட்சி என்று நாயர் கேட்டார். இந்த ஒரு கேள்விக்குள் அடுத்த ஐம்பதாண்டுத் தமிழ்நாட்டு அரசியல் இருக்கிறது.

1917 அக்டோபர் 7. எழும்பூர்ப் பக்கம் ஸ்பர்டாங்க். இப்போது சாலைதான் இருக்கிறது, அப்போது திடல். ஒடுக்கப்பட்ட மக்களிடையே நாயர் பேசினார். அவர் பேச்சுகளில் இன்றுவரை அச்சாகிக்கொண்டிருப்பது அதுதான். கோட் போட்ட டாக்டர், இங்கிலீஷ் பத்திரிகை ஆசிரியர், பேட்டை மக்கள் முன்னால் போய் நின்றார். சாதி எங்கிருந்து வந்தது, அது யாருக்குச் சோறு போட்டது என்று பேசினார். அவர்களுடைய ஆதரவைக் கேட்டார்.

இங்கே நான் நாயரோடு உடன்படாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பாராட்டுரை மட்டும் கேட்க நீங்கள் இங்கே வரவில்லை. வெள்ளைக்காரன் நடுவனாக இருந்தால்தான் நமக்கு நியாயம் கிடைக்கும் என்று அவர் நம்பினார். நடுவன் யார் என்பதை அவருக்கே அந்த நடுவன் அடுத்த ஆண்டு காட்டிவிட்டான்.

1918. சர்க்கரை நோய் முற்றிவிட்டது. சிகிச்சைக்காக லண்டன் போனார். அரசியல் சீர்திருத்தம் அங்கேதான் சமைந்துகொண்டிருந்தது, அதையும் மனதில் வைத்துத்தான் போனார். கரையிறங்கிய மனிதருக்கு அரசு என்ன சொன்னது? பொதுக்கூட்டத்தில் பேசக் கூடாது! பேரரசுக்காகக் கப்பலில் வேலை பார்த்தவர், பேரரசின் பதக்கம் வாங்கியவர், பேரரசின் விசுவாசி என்று எதிரிகளே ஏசியவர். அவருக்கு வாய்ப்பூட்டு. பிரபுக்கள் சபையில் சில பிரபுக்கள் இது என்ன நியாயம் என்று கேட்ட பிறகுதான் பூட்டு கழன்றது. பாராளுமன்ற உறுப்பினர்களிடையே பேசினார். திரும்பி வந்தார்.

1919இல் மறுபடி போனார். மாண்டேகு-செம்ஸ்போர்டு சட்டத்தை ஆராய இரு சபைகளின் கூட்டுக்குழு உட்கார்ந்திருந்தது. பிராமணரல்லாதாருக்குச் சட்டமன்றத்தில் இடஒதுக்கீடு வேண்டும் என்று அதன் முன்னால் சாட்சியம் சொல்ல வேண்டும். ஜூலை 18 அன்று அவர் முறை. ஜூலை 17 விடியற்காலை இறந்துபோனார். வயது ஐம்பத்தொன்று. உடலை கோல்டர்ஸ் கிரீனில் எரித்தார்கள்.

இரண்டு நாயர்களைப் பற்றிய அந்தக் குழப்பத்துக்கு வருகிறேன் என்றேனே. அதே 1919 ஜூலையில்தான் சங்கரன் நாயர், ஜாலியன்வாலாபாக் படுகொலையை ஒட்டி வைஸ்ராயின் நிர்வாக சபையிலிருந்து விலகினார். ஒரே மண், ஒரே குடிப்பெயர், ஒரே மாதம். ஒருவர் வெள்ளைக்கார அரசை உதறிவிட்டு வெளியே வந்தார். இன்னொருவர் அதே அரசிடம் நியாயம் கேட்கப் போன இடத்தில் உயிரை விட்டார். யார் சரி? எனக்கு இரண்டு பேரும் வேண்டும். ஒருவரைக் காட்டி இன்னொருவரை மட்டம் தட்டும் கட்டுரைகள் இரண்டு பக்கத்திலும் நிறைய வந்துவிட்டன.

நாயர் சொல்ல வேண்டியதைக் கட்சியின் கே.வி.ரெட்டி நாயுடு குழுவின் முன்னால் போய்ச் சொன்னார். 1920 மார்ச்சில் மெஸ்டன் பிரபுவின் இடஒதுக்கீட்டுத் தீர்ப்பு வந்தது. பொதுத் தொகுதிகளின் இடங்களில் 28 பிராமணரல்லாதாருக்கு. நவம்பரில் தேர்தல். தேர்ந்தெடுக்கப்பட்ட 98 உறுப்பினர்களில் 63 பேர் நீதிக்கட்சி. காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தியாகராயர் முதல் மந்திரி நாற்காலி வேண்டாம் என்றார். கடலூர்ச் சுப்பராயலு ரெட்டியார் டிசம்பர் 17இல் பொறுப்பேற்றார்.

ஸ்பர்டாங்கில் கேட்ட ஆதரவுக்குக் கட்சி என்ன திருப்பிக் கொடுத்தது? அடுத்த ஆண்டே பெரம்பூரில் பின்னி ஆலை வேலைநிறுத்தம். சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் ஆதிதிராவிடர்களுக்கும் மோதல், புளியந்தோப்பில் கலவரம், துப்பாக்கிச் சூடு. கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடர் பக்கம் நிற்கவில்லை. 1923இல் ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா கட்சியைவிட்டு வெளியேறினார். நாயர் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று சிலர் எழுதுகிறார்கள். செத்துப்போனவர் மேல் நம் ஆசையை ஏற்றி வைப்பது சுலபம். ஆலைத் தொழிலாளிக்காகத் தனியாகக் குறிப்பு எழுதியவர் என்பது ஒரு சாட்சி. அவரோடு கட்சி நடத்தியவர்கள் ஜமீன்தார்களும் வியாபாரிகளும் என்பது இன்னொரு சாட்சி. இரண்டையும் வைத்துக்கொண்டு நீங்களே வழக்காடுங்கள்.

அவைத் தலைவர் மணியைப் பார்க்கிறார். கேள்வி நேரத்துக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். பின்னி ஆலை பற்றிக் கேட்க ஒரு அம்மா அப்போதே கை தூக்கிவிட்டார்கள், அவர்களிடமிருந்து தொடங்குவோம்.